எங்கள் கடை முன்பு தவறணையாக இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூடிக் கிடந்த பப் ஒன்றை எம்மவர்கள் வாங்கிப் பூசை மண்டபம் ஆக்கியதைப் பாராட்டி, சென்ற மாத இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாராட்டட்டும், எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் ஒரு குடிகாரர் கூடாரத்தைத் துப்புரவாக்கிவிட்டோம் என்கிற தொனி கடிதம் முழுக்க ஓடியது. அதுதான் இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் நானும் ஒரு பப்பைக் கடையாக்கியவன். மூடியது நான் இல்லை, மூடிக் கிடந்ததைத்தான் எடுத்தேன் என்று சொல்லித் தப்பலாம். ஊர்ச்சனம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

என் கடை இருப்பது இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக்கில், நொரிச் நகரத்திலிருந்து வாகனத்தில் அரை மணித்தியாலம் ஓடினால் வரும் ஒரு கிராமத்தில். தமிழ்க் குடும்பம் என்று நாங்கள் ஒன்றுதான். வெளியே கம்பத்தில் தொங்கும் பெயர்ப்பலகையில் இன்றைக்கும் 'றோயல் ஓக்' என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து வருடத்துக்கு நாலைந்து கார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து நிற்கும். இறங்கி வந்து, மாட்டிறைச்சி றோஸ்ட் இருக்கிறதா, நாலு பேருக்கு மேசை கிடைக்குமா என்று கேட்பார்கள். பாணும் பாலும் இருக்கிறது, நிற்கத் தாராளமாக இடமும் இருக்கிறது என்பேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் கள்ளு விற்கிற இடத்துக்குத் தவறணை என்று பெயர். ஐரோப்பியர் விட்டுப்போன 'டவேர்ன்' நம் நாக்கில் பட்டு அப்படியாகிவிட்டது. சொல் ஒன்றென்றபடியால் பொருளும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டுதான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். தவறணை என்றால் எனக்குத் தகரக் கொட்டில், பனையோலைப் பிளா, புளித்த மணம், பின்னேரத்தில் யாரோ ஒருவரின் உரத்த பாட்டு. அந்த ஒழுங்கையால் அம்மா எங்களைப் பள்ளிக்கூடம் போக விட்டதில்லை, சுற்றித்தான் போவோம். கள்ளு இறக்கும் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கம் நடத்திய தவறணை அது. எத்தனையோ வீட்டு அடுப்பு அதால்தான் எரிந்தது. அதை அம்மாவும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. அது வேறு கடிதம்.

பப் என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கம். பொது வீடு. இது எனக்குத் தெரிய வந்தது கடை திறந்து ஒரு வருடம் கழித்து.

2014-ல் நான் இந்தக் கட்டடத்தை எடுத்தேன். லண்டனில் இருந்த கடையின் லீஸ் முடிந்து, புது வாடகை கேட்டதும் தலை சுற்றியது. மைத்துனர் ஒருவர் இணையத்தில் ஏல விளம்பரம் பார்த்துச் சொன்னார். இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த பப். மேலே மூன்று அறை வீடு, கீழே மண்டபம், அதற்குக் கீழே நிலவறை, பின்னால் வளவு. விற்றது ஒரு பப் கம்பெனி. பத்திரத்தில் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள், இனி இந்த இடத்தில் பப் நடத்தக்கூடாது என்று. தங்கள் மற்றப் பப்புகளுக்குப் போட்டி வரக்கூடாதாம். பப்பை விற்றவர்களே அது இனிப் பப்பாகக் கூடாது என்று எழுதிவைத்ததை ஊரில் அநேகம் பேர் இன்றும் நம்புவதில்லை. தமிழன் வந்து கெடுத்தான் என்பதுதான் சொல்லச் சுகம்.

அந்த நாளில் பப்பைக் கடையாக மாற்றக் கவுன்சிலிடம் திட்ட அனுமதி கேட்கவே தேவையிருக்கவில்லை. சட்டம் அப்படி. வேலைக்கு ஆள் பிடித்தோம், வாசலில் ஒரு ஸ்கிப், அதாவது கழிவு அள்ளிப்போகும் பெரிய இரும்புத் தொட்டி, இறக்கினோம், உள்ளே இருந்ததை எல்லாம் அள்ளிப் போட்டோம். அந்த ஸ்கிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடை திறந்த முதல் நாள் ஒரு கிழவர் வந்தார். பண்ணை வேலை செய்து ஓய்ந்தவர், எண்பதைத் தாண்டிய வயது. உள்ளே வந்தவர் றாக்கைகளைப் பார்க்கவில்லை. நேரே மரக் கவுண்டருக்குப் போய், அதன் இடது மூலையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தப் பழைய பார் கவுண்டரைக் கழற்றக் கூலி கூடக் கேட்டார்கள் என்பதால் அப்படியே விட்டு, மேலே காசு லாச்சியை வைத்திருந்தேன். என் கஞ்சத்தனத்தால் மிஞ்சியது அது. கிழவர் ஊன்றிய இடத்தில் மரம் ஒரு சாண் நீளத்துக்குக் குழிந்து பளபளப்பாக இருந்தது. முழங்கை சரியாக அதற்குள் உட்கார்ந்தது. அவர் ஒருவருடையது மட்டும் அவ்வளவு குழி விழுத்தியிருக்காது. அவருக்கு முந்தியவர்களும் அதே மூலையில் நின்றிருக்க வேண்டும். ஒரு பத்திரிகையும் ஒரு பெட்டி தீக்குச்சியும் வாங்கினார். மறுநாளும் வந்தார். ஏழு வருடம் வந்தார்.

இந்தக் கட்டடத்தின் கதை எனக்குத் தெரிந்தது அவராலும், பத்திரக் கட்டாலும், ஊர் வரலாற்றுக் குழுவிடம் இருக்கும் பழைய படங்களாலும்தான்.

முதலில் இது பப்பாகக் கட்டப்படவே இல்லை. சக்கிமுக்கிக் கல்லில் சுவர் எழுப்பி, மூலைகளுக்கு மட்டும் செங்கல் வைத்த, நோர்போக்கில் எங்கும் காணக்கூடிய சாதாரண வீடு. சப்பாத்து தைக்கிற ஒருவர் இருந்திருக்கிறார். 1830-ல் வெலிங்டன் பிரபுவின் அரசாங்கம் ஒரு பியர்ச் சட்டம் கொண்டுவந்தது. வரி கட்டுகிற எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி, அதாவது இரண்டு பவுண் இரண்டு சிலிங், கொடுத்து லைசன்ஸ் எடுத்தால் தன் வீட்டிலேயே பியர் காய்ச்சி விற்கலாம். நீதவானிடம் போகத் தேவையில்லை. சனம் ஜின்னை விட்டுப் பியருக்கு வரட்டும் என்பதும் ஒரு எண்ணம். இரண்டு கினி என்பது அந்த நாளைய பண்ணைக் கூலியாளின் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிட்ட. ஆனாலும் சில மாதங்களுக்குள் நாடெங்கும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீட்டு முன்னறைகள் பியர்க் கடை ஆகின. நம்முடைய சப்பாத்துக்காரரின் முன்னறையும் அப்படித்தான். பகலில் தோல் வெட்டுவாராம், பொழுதுபட்டால் பீப்பாவைத் திறப்பாராம். 1869-ல் மறுபடியும் நீதவான்களின் கைக்கு லைசன்ஸ் போனபோதும் இந்த வீடு தப்பிவிட்டது.

குடிக்க வந்தவர்களுக்கு மட்டுந்தான் இது என்று நினைத்தால் அது என்னுடைய பழைய பிழை. வாசகர் எழுதியதும் அந்தப் பிழைதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பண்ணைக்காரர் கூலியை இங்கே வைத்துத்தான் கொடுத்திருக்கிறார். கூலி கையில் விழுந்த இடத்திலேயே பாதி கரைந்துவிடும். மனைவிமார் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார்களாம். அதைத் தடுக்க 1883-ல் ஒரு சட்டமே வந்தது, பப்பில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று. இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். தவறணைக்கு மேல் அம்மாவுக்கு இருந்த கோபம் அந்த வாசலில் நின்ற பெண்களுக்கும் இருந்திருக்கும்.

யாராவது சந்தேகமாகச் செத்தால் மரண விசாரணை நடந்ததும் பப்பில்தான். ஊரில் தேவாலயத்தை விட்டால் பன்னிரண்டு ஜூரிகளை இருத்தக்கூடிய பெரிய அறை இதுதான். இங்கே ஒரு கூலியாள் ஆற்றில் விழுந்து இறந்தபோது, உடலைக் கொண்டுவந்து பின்கொட்டிலில் மேசையில் கிடத்தி, ஜூரிமார் போய்ப் பார்த்துவிட்டு வந்து முன்னறையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். வேறு பொருத்தமான இடம் இருந்தால் லைசன்ஸ் உள்ள இடத்தில் விசாரணை வைக்கக் கூடாது என்று 1902-ல்தான் சட்டம் வந்தது. கிழவர் இந்தக் கதையைச் சொன்னபோது என் மனைவி பக்கத்தில் நின்றா. "அந்தக் கொட்டிலிலயா நான் அரிசி மூட்டை அடுக்கிறன்?" என்று கேட்டா. அடுத்த கிழமை அரிசி இடம் மாறியது. இப்போது அங்கே வெறும் மட்டைப் பெட்டிகள்.

எனக்கு மிகவும் பிடித்தது சங்கப் பெட்டிக் கதை. இந்த நாட்டில் தேசிய காப்புறுதி வருவதற்கு முந்திய காலத்தில், கூலியாட்கள் கிழமைக்கு இவ்வளவு பென்ஸ் என்று போட்டுச் சேர்த்து, நோய் வந்தால் உதவியும் செத்தால் செத்தவீட்டுச் செலவும் கொடுக்கும் சங்கங்கள் வைத்திருந்தார்கள். கூட்டம் பப்பில். காசு வைக்கும் மரப்பெட்டிக்கு மூன்று பூட்டு. திறப்புகள் மூன்று பேரிடம். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும். இதை வாசிக்கிற யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் தேவையில்லை. நம்முடைய மரணசகாய சங்கமேதான். எங்கள் ஊரில் அது வாசிகசாலை விறாந்தையில் கூடியது, இங்கே பியர் பீப்பாவுக்குப் பக்கத்தில் கூடியது.

இரண்டாம் உலகப் போரில் நோர்போக் முழுக்க விமானத் தளங்கள். 1942-இலிருந்து அமெரிக்கப் பொடியன்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள்; லிபரேற்றர் என்ற பெரிய குண்டுவிமானங்கள் இந்த வயல்களில் இருந்துதான் ஏறின. நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டின் சுவரில் பிறீசருக்கு வயர் இழுக்க ஒரு பழைய பலகையைக் கழற்றினோம். பின்னால் வெள்ளைச் சுண்ணாம்பில் பென்சிலால் கோடுகள். நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, அப்படி எட்டுப் பத்துக் கட்டு. பக்கத்தில் பெயர் இல்லை, இரண்டு இரண்டு எழுத்து. கிழவரைக் கூட்டிவந்து காட்டினேன். "கடன்" என்றார். விமானப் படைப் பொடியன்களுடையதாக இருக்கலாம், பண்ணைக்காரருடையதாகவும் இருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். ஒரு கட்டின்மேல் மட்டும் அடித்து அழித்த கோடு இருந்தது. மற்றவை அப்படியே.

என் கவுண்டருக்குக் கீழேயும் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. அதிலும் முழுப் பெயர் எழுதுவதில்லை. வயரை வேறு பக்கத்தால் இழுத்தேன்.

போருக்குப் பிந்திய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சுருக்கிவிடுகிறேன். 1967-ல் குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோரை ஊதிப் பார்க்கும் சட்டம் வந்தது. தூரத்துப் பண்ணைகளில் இருந்து வருபவர்கள் குறைந்தார்கள். உள்ளே இருந்த சிறு சிறு அறைகளின் சுவரை எழுபதுகளில் உடைத்து ஒரே மண்டபமாக்கினார்கள். 1989-ல் அரசாங்கம், இரண்டாயிரத்துக்கு மேல் பப்புகள் வைத்திருக்கும் பெரிய பியர்க் கம்பெனிகள் அந்த மேலதிகத்தில் பாதியைத் தங்கள் பியரையே விற்க வேண்டும் என்ற கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று ஓர் ஒழுங்கு கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். கம்பெனிகள் பப்புகளைக் கொத்துக் கொத்தாக விற்றன; வாங்கியவர்கள் பியரே காய்ச்சாத வெறும் கட்டடக் கம்பெனிகள். வாடகையும் அவர்களுக்கு, பியரும் அவர்கள் சொல்லும் விலையில் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும். குத்தகைக்காரர் இரண்டு வருடத்துக்கு ஒருவர் என்று வந்து வந்து முறிந்து போனார்கள். 2007 ஜூலை 1-ல் உள்ளே புகைக்கத் தடை. சுப்பர்மார்க்கெற்றில் பியர் தண்ணீர் விலை. 2012-ல் கடைசிக் குத்தகைக்காரர் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று இரவு உள்ளே ஒன்பது பேர் இருந்ததாகக் கிழவர் சொல்வார். பிறகு எண்ணிப் பார்த்தால், நானும் அங்கே இருந்தேன் என்று சொல்கிறவர்கள் ஊரில் நாற்பது பேர்.

இனி அந்த ஸ்கிப்.

கழற்றி எறிந்தவற்றில் ஒரு சின்னக் கதவும் இருந்தது. பக்கத்து ஒழுங்கைக்குத் திறக்கிற, பாதி உயரத்தில் கண்ணாடி போட்ட கதவு. கண்ணாடியில் அரித்து எழுதிய ஆங்கில எழுத்து, 'பொட்டில் அண்ட் ஜக்'. போத்தலும் ஜொக்கும். எனக்கு அது விளங்கவில்லை, குளிர்காற்று வருகிறது என்று கழற்றிவிட்டேன். காலையில் பார்த்தால் ஸ்கிப்பில் இல்லை. இரவோடு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பழம்பொருள் கடையில் அதே கண்ணாடியைக் கண்டேன். கீழ் மூலையில் உடைந்து பூசிய வெடிப்பு, அதுதான் அடையாளம். நான் அந்தக் கடையிலேயே கேட்டுத்தான் அதன் பொருளைத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்கப் பியர் வாங்குபவர்களுக்கான தனி வாசல் அது. பாருக்குள் போக விரும்பாத பெண்கள் அந்த ஒழுங்கையால் வந்து ஜொக்கை நீட்டுவார்கள். அப்பாவுக்கு வாங்க வந்த பிள்ளைகளும் நீட்டுவார்கள். போகிற வழியில் பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிடுகிறார்கள் என்று, பதினாலு வயதுக்குக் கீழானவர்களுக்கு மூடி முத்திரை போட்ட போத்தலில்தான் கொடுக்க வேண்டும் என்று 1901-ல் ஒரு சட்டம். அதாவது, வாசகரே, போத்தலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கடை இந்தக் கட்டடத்துக்குள் நூறு வருடமாக இருந்திருக்கிறது. நான் ஒன்றும் புதிதாகத் திறக்கவில்லை. அதன் கதவைத்தான் எறிந்துவிட்டேன்.

விலை கேட்டேன். சொன்ன விலைக்கு ஒரு பிறீசர் வாங்கலாம். வாங்கவில்லை. மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவா, வாங்கியிருக்கலாம் என்று.

பெயர்ப்பலகையையும் கழற்றி வைத்திருந்தேன். 1651-ல் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்ல்ஸ் மன்னர் ஒளித்திருந்த கருவாலி மரம் அந்தப் பலகையில் இருக்கிறது. இலைகளுக்கு நடுவே ஒரு சின்ன முகம், கிட்டப் போனால்தான் தெரியும். நாட்டில் இதே பெயரில் எத்தனையோ நூறு பப்புகள். இது ஒரு பலகை, இதற்கென்ன என்று நினைத்தேன். கழற்றி மூன்றாம் நாள் ஆறு பேர் வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. ஏணியோடு வந்தார்கள். நாங்களே மாட்டித் தருகிறோம், வர்ணமும் நாங்களே அடிக்கிறோம் என்றார்கள். கீழே என் கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டோம். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "றோயல் ஓக்கில் பால் இருக்கிறதா?" என்றுதான் தொலைபேசியில் கேட்கிறார்கள்.

இந்தக் கட்டடம் திரும்பவும் பொது வீடு ஆனதை நான் பார்த்தது 2020-ல். மார்ச் 20-ஆம் தேதி இரவோடு நாட்டில் உள்ள பப்புகள் எல்லாவற்றையும் பூட்டச் சொன்னார்கள். உணவுப்பொருள் விற்கிற கடை என்பதால் எனக்குத் திறக்க அனுமதி. றோயல் ஓக் அன்று பப்பாக இருந்திருந்தால் பூட்டுத்தான். அடுத்த திங்கள் காலை வாசலில் ஆறடிக்கு ஒருவராக வரிசை தேவாலய மதில் வரைக்கும் நின்றது. வெளியே வர ஏலாத கிழவர் கிழவிகளின் பட்டியலை ஒரு ஆசிரியை எழுதிக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டினா. யாருக்கு மருந்து, யாருக்கு மின்சார மீற்றர் அட்டையில் காசு போட வேண்டும், யாருடைய பூனைக்குச் சாப்பாடு எல்லாம் அதில். பாரின் மேலே தொங்கும் பித்தளை மணியை நான் கழற்றாமல் விட்டிருந்தேன். முன்பு கடைசிக் கோப்பைக்கு அடிக்கிற மணி. மா வந்து இறங்கினால் இரண்டு தரம் அடிப்பேன், எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து வரிசைக்குச் சொல்வார். அந்த வசந்தகாலத்தில் மாவுக்கு அவ்வளவு தட்டுப்பாடு.

நம்முடைய கிழவர் அப்போது உள்ளே வரக்கூடாது, வயது அப்படி. யன்னலுக்கு வெளியே ஒரு வாங்கைப் போட்டுக் கொடுத்தோம். இடது மூலைக்கு நேரே வரும்படி அவரே இழுத்துச் சரிசெய்துகொண்டார். அடுத்த வருடம் அவர் காலமானார். வாங்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் சுவரில், இதயத் துடிப்பு நின்றுபோனால் மின்னதிர்ச்சி கொடுக்கும் மஞ்சள் பெட்டியை ஊர்ச்சபை பொருத்தியிருக்கிறது.

அடுத்த ஊரில் ஒரு பப் இருந்தது. அதை இரண்டாகப் பிரித்து இரண்டு வீடாக்கினார்கள். அழகாகத்தான் செய்திருக்கிறார்கள். கதவில் பப்பின் பெயருக்கு முன் 'பழைய' என்று சேர்த்துப் பித்தளையில் பொறித்திருக்கிறது. யன்னலுக்குத் திரை. அந்த ஊர்க்காரர் ஒருவர் என் கடையில் சொன்னார், அறுபது வருடம் போய்வந்த கதவு, இப்போது அழைப்புமணி அடிக்க வேண்டும், அடிக்கவும் ஒரு காரணம் இல்லை என்று. பூசை மண்டபத்தைப் பற்றி எழுதிய வாசகருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். உங்கள் மண்டபம் அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்த நல்ல முடிவுதான். ஆனால் கெட்ட இடத்தை மீட்டதால் நல்லது என்று எண்ணாதீர்கள். கதவு தெருவுக்குத் திறந்திருப்பதால் நல்லது. முடிந்தால் அந்த ஊர் வெள்ளைக்காரரையும் ஒரு பொங்கலுக்குக் கூப்பிடுங்கள். அவர்களில் யாரோ ஒருவருக்கு அங்கே ஒரு மூலை இருந்திருக்கும்.

பப் வாங்க யோசிக்கும் நம்மவர்களுக்கு ஒரு விஷயம் வலுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் 2014-ல் செய்தது மாதிரி இப்போது செய்ய முடியாது. 2017 மே மாதத்திலிருந்து இங்கிலாந்தில் பப்பைக் கடையாகவோ வேறெதுவாகவோ மாற்றத் திட்ட அனுமதி கட்டாயம். 2020 செப்டெம்பரில் இருந்து பப் எந்தக் கட்டட வகுப்பிலும் சேராத தனி இனம். அதோடு 2011-ன் 'லோக்கலிசம்' சட்டப்படி ஊர்மக்கள் ஒரு பப்பைச் சமூகச் சொத்து என்று கவுன்சிலில் பதிந்து வைக்கலாம். பதிவு ஐந்து வருடம் நிற்கும். பதிந்ததை விற்க வந்தால் ஊர்ச் சங்கம் ஒன்று ஆறு கிழமைக்குள் கை தூக்கினாலே போதும், ஆறு மாதத்துக்கு விற்பனை நிறுத்தி வைக்கப்படும், அவர்கள் காசு சேர்க்க. சொந்தக்காரர் அவர்களுக்குத்தான் விற்க வேண்டும் என்றில்லை. ஆனால் உங்கள் முற்பணமும் வங்கிக் கடனும் அந்த ஆறு மாதம் தொங்கும். என் உறவுக்காரப் பொடியன் ஒருவன் இதைப் பார்க்காமல் முற்பணம் கட்டிவிட்டு, கவுன்சில் கடைக்கு அனுமதி மறுக்க, ஒரு வருடம் அலைந்தான். பதிவுப் பட்டியல் கவுன்சில் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பத்து நிமிட வேலை.

இடித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று யாரும் ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். லண்டன் கில்பேர்னில் கால்ற்றன் டவேர்ன் என்ற பப்பை 2015 ஏப்ரலில் அனுமதி இல்லாமல் இடித்தார்கள். இருந்தபடியே திருப்பிக் கட்டு என்று உத்தரவு வந்தது. கட்டி, 2021-ல் திறந்தது. ஸ்ராபோட்ஷயரில் சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து சாய்ந்து நின்ற 'குறூக்கட் ஹவுஸ்' 2023 ஓகஸ்டில் எரிந்து, இரண்டு நாளில் இடிக்கப்பட்டது. அதற்கும் 2024 பெப்ரவரியில் திருப்பிக் கட்டும்படி கவுன்சில் உத்தரவு போட்டது.

நல்ல உதாரணமும் உண்டு. வட யோர்க்ஷயரில் ஹட்ஸ்வெல் என்ற சின்ன ஊர். 2008-ல் அதன் ஒரே பப் மூடியது. ஊர்க்காரர் பங்கு போட்டு வாங்கி 2010-ல் திறந்தார்கள். உள்ளே ஒரு நூலகம், ஒரு சின்னக் கடை, பின்னால் தோட்டத் துண்டுகள். பியர் ஆர்வலர் சங்கம் 2016-க்கான நாட்டின் சிறந்த பப் என்று அதைத்தான் தேர்ந்தது. கூட்டுறவுச் சங்கம் தவறணை நடத்திய ஊரில் பிறந்த வாசகர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டீர்கள்.

கழற்றுவதற்கு முன் கட்டடத்தை ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். ஊரில் வயதான ஒருவரைக் கூட்டிவந்து ஒவ்வொரு கதவும் எதற்கு என்று கேளுங்கள். ஸ்கிப்பைப் பிறகு வரச் சொல்லுங்கள்.

மேற்படி வாசகர் நோர்போக் பக்கம் வந்தால் என் கடைக்கு வரலாம். புதன்கிழமை பின்னேரம் சனம் குறைவு, நிலவறையைத் திறந்து அந்தப் பென்சில் கோடுகளைக் காட்டுவேன். படியில் இறங்கும்போது தலையைக் குனிய வேண்டும். மூன்றாம் படிக்கு மேலே ஓர் உத்தரம் இருக்கிறது, இத்தனை வருடமாகியும் நானே இன்னும் இடிபடுகிறேன்.

இப்படிக்கு,
றோயல் ஓக் கடைக்காரர்,
நோர்போக்